பாம்பன்காரி ஸ்பானிஷ் படித்த விதம்

நான் ஸ்பானிஷ் படிக்கப் போனது மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவில் உள்ள ஆன்டிகுவா நகரம். அங்கே ஒரு மாணவருக்கு ஒரு ஆசிரியர், காலையில் நாலு மணி நேரம் பாடம். தங்குவதற்கு உள்ளூர்க் குடும்பத்து வீட்டையே கேளுங்கள். விடுதியில் இருந்தால் ஆங்கிலத்திலேயே பொழுது போய்விடும்.

மதியம் தன்னார்வச் சேவை. ஒரு சமையற்கூடத்தில் காய் நறுக்கினேன். 'கழுவு', 'நகரு', 'சுடும், தொடாதே' எல்லாம் அங்கே படிந்ததுதான். முதல் வாரமே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தக் கிளம்பாதீர்கள். உங்கள் அரைகுறை மொழியால் அவர்களுக்கு என்ன லாபம்? அப்புறம், உங்கள் விசாவில் சேவை செய்யலாமா என்று தூதரகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள்.

பெரியவர்களிடம் 'உஸ்தெத்', அதாவது 'நீங்கள்'. உச்சரிப்பில் நமக்கு யோகம்: அவர்களின் 'எஞ்ஞே' எழுத்து நம் 'ஞ' தான். 'பெரோ' என்றால் 'ஆனால்'. நாக்கை உருட்டி 'பெர்ரோ' என்றால் நாய்.

நான் மாட்டியது மீனில். நீந்துவது 'பெஸ்', பிடித்துக் கரையேற்றியது 'பெஸ்காதோ'. மீன் பிடிக்கும் வீட்டுப் பெண் சந்தையில் போய் 'பெஸ்' கேட்டேன். மீன்கார அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். போனில் சொன்னபோது அப்பா கேட்டார்: "வலையில ஏறுனதும் பேரு மாறிருமா தாயி?"