ஆறு சதவீதக் கடிதத்தைப் படிப்பது எப்படி?

ஏப்ரலில் வர வேண்டிய ஊதிய உயர்வுக் கடிதம் ஜூனில் வரும். அதுவும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்குத்தான் வரும். மேலாளர் அதற்குள் கிளம்பியிருப்பார். சென்னையின் ஐ.டி. நிறுவனங்கள் வரிசைகட்டி நிற்கும் பழைய மகாபலிபுரம் சாலையில் பதினெட்டு ஆண்டுகளாகக் குப்பை கொட்டுகிறேன். முதல் பாதியில் கடிதத்தை வாங்கிக்கொண்டு பொருமினேன். இரண்டாம் பாதியில் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் பிறர் பொருமலைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவள் என்ற தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

கடிதம் வந்த அன்று யாருக்கும் எதுவும் எழுதாதீர்கள். 2016-இல் எனக்கு 3.2 சதவீதம் வந்தது. அலுவலக பஸ் சோழிங்கநல்லூர் சிக்னலில் நின்றிருந்தபோது ஆரம்பித்து, மத்திய கைலாஷ் வருவதற்குள் கட்டைவிரலாலேயே மேலாளருக்கு ஒரு நீண்ட மின்னஞ்சல் தட்டி முடித்திருந்தேன். நல்லவேளை, அனுப்பவில்லை. மறுநாள் காலை எடுத்துப் படித்தால், என் தன்மானத்தைப் பற்றி நான்கு இடங்களில் எழுதியிருக்கிறேன். சம்பளக் கணக்கு ஓரிடத்திலும் இல்லை. கோபம் நியாயமானதுதான். ஆனால் எதன் மீது கோபம் என்பதே எனக்கு அப்போது தெரியாது.

ஆகவே முதலில் கணக்கு. 2025-இல் என் குழுவில் ஒரு கடலூர்ப் பையனுக்கு ஆறு சதவீதம் வந்தது. கொடுத்தவள் நான்தான். அவனை அலுவலகத்துக்குப் பின்னால் உள்ள டீக்கடைக்கு அழைத்துப்போய், பஜ்ஜி மடித்த தாளில் எண்ணெய் படாத ஓரமாகப் பார்த்துப் போட்ட கணக்கு இது. நீங்களும் உங்கள் பழைய கடிதத்தையும் புதிய கடிதத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகக் கழியுங்கள்.

அவனுடைய பழைய சி.டி.சி., அதாவது அவனுக்காக நிறுவனம் ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை, 12 லட்சம். ஆறு சதவீதம் ஏறி 12,72,000. ஆண்டுக்கு 72,000 கூடியிருக்கிறது. மாதம் ஆறாயிரம் என்று வீட்டுக்குச் சொல்லிவிட்டான். அங்கேதான் தவறு. அந்த 72,000-இல் 24,000 வேரியபிள் பே, அதாவது ஆண்டைப் பொறுத்துக் கூடிக் குறையும் சம்பளம், என்ற தலைப்பில் போய் உட்கார்ந்துகொண்டது. அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு 24,000 கூடியதால், நிறுவனம் கட்டும் 12 சதவீத பி.எஃப். 2,880 கூடியது. பணிக்கொடைக்கென்று (கிராஜுவிட்டி) 4.81 சதவீதம் காட்டுவார்கள், அது 1,154. குழுக் காப்பீடு என்ற தலைப்பில் 4,000 ஏற்றியிருந்தார்கள். இவற்றையெல்லாம் கழித்தால் மிச்சம் 39,966. அதிலும் அவன் பங்கு பி.எஃப். 2,880 பிடித்தமாகப் போகும். கைக்கு வருவது ஆண்டுக்கு 37,086, அதாவது மாதம் 3,090 ரூபாய்.

மாதம் 72,400 வாங்கிக்கொண்டிருந்தவனுக்கு 3,090 என்பது 4.3 சதவீதம். 2024-25-இல் நாட்டின் சராசரிச் சில்லறைப் பணவீக்கம், அதாவது விலைவாசி ஏற்றம், 4.6 சதவீதம். அவன் டீயை வைத்துவிட்டு, “அப்படியானால் எனக்குச் சம்பளம் குறைந்திருக்கிறதா அக்கா?” என்றான்.

“இன்னும் முடியவில்லை” என்றேன். வேரியபிள் பாக்கி இருந்தது. பழைய ஆண்டில் 1,80,000. நிறுவனம் 90 சதவீதம் வழங்கியதால் 1,62,000 கிடைத்தது. புதிய ஆண்டில் 2,04,000 என்று கடிதத்தில் அழகாக அச்சடித்திருக்கிறது. வருமானம் சரியில்லை என்று 70 சதவீதம் மட்டும் வழங்கினால் 1,42,800. போன ஆண்டைவிட 19,200 குறைவு. அதையும் கழித்தால் ஆறு சதவீத உயர்வு மாதம் 1,490 ரூபாயாகிவிடுகிறது. பெரும்பாக்கத்திலிருந்து வந்துபோகும் பெட்ரோலுக்குச் சரியாக இருக்கும்.

அவனுக்கு வருமான வரி இடிக்கவில்லை. 2025-26 முதல் புதிய வரி முறையில் சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை வரி இல்லை. உங்கள் வருமானம் அந்தக் கோட்டுக்கு மேலே என்றால், கூடிய தொகைக்கு உங்கள் வரி அடுக்கின் சதவீதத்தையும் அதன்மேல் 4 சதவீத செஸ் என்ற கூடுதல் வரியையும் கழித்துக்கொள்ளுங்கள்.

வேரியபிளைப் பற்றி ஒரு வார்த்தை. அதைப் போனஸ் என்று நாம்தான் சொல்லிக்கொள்கிறோம். 1965-ஆம் ஆண்டு போனஸ் சட்டம் சொன்ன 8.33 சதவீதக் குறைந்தபட்சம், மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்கானது. நம்முடையது நம் சம்பளத்திலேயே ஒரு துண்டை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டு, ஆண்டு நன்றாக இருந்தால் திருப்பித் தரும் ஏற்பாடு. இதை நம்பித் தாழம்பூரில் அடுக்குமாடி வீட்டுக்குத் தவணை கட்ட ஒப்புக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். தவணையை நிலையான சம்பளத்துக்குள் அடக்குங்கள். வேரியபிள் வந்தால் அசலைக் குறைக்கலாம்.

இனி, அந்த ஆறு சதவீதம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்ல வேண்டும். இது தெரியாததால்தான் பலர் தப்பான மாதத்தில் தப்பான ஆளிடம் சண்டை போடுகிறார்கள். 2017-இல் முதன்முதலாக என் கைக்குக் குழுவின் உயர்வுத் தொகையைப் பிரிக்கும் தாள் வந்தது. குழுவில் பதினொரு பேர். எல்லாருக்கும் பத்து லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தச் சம்பளம் 110 லட்சம். உயர்வுக்கு ஒதுக்கீடு 5.5 சதவீதம், அதாவது 6,05,000. பதவி உயர்வு பெற்ற ஒருவருக்கு 15 சதவீதம் கொடுத்தே ஆக வேண்டும். முதல் நிலை மதிப்பீடு பெற்ற இருவருக்கு 9 சதவீதம். மூவருக்குமாக 3,30,000 போய்விட்டது. மிச்சம் 2,75,000-ஐ எட்டுப் பேருக்குப் பிரித்தால் தலைக்கு 3.4 சதவீதம். அந்த எட்டுப் பேரில் இருவர் நிஜமாகவே நன்றாக உழைத்தவர்கள். அவர்களுக்குக் கூட்டினால் வேறு யாரிடமிருந்தாவது பிடுங்க வேண்டும். அன்று இரவு நானும் தூங்கவில்லை. ஆனால் மறுநாள் அவர்களிடம், “நீங்கள் இன்னும் கொஞ்சம் முன்னெடுத்துச் செய்திருக்கலாம்” என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த வசனத்தைத்தான் ஒப்பித்தேன். அதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

எத்தனை பேருக்கு முதல் நிலை தரலாம் என்பதும் மேலேயே முடிவாகியிருக்கும். எண்பதுகளில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் அதன் தலைவர் ஜாக் வெல்ச் ஊழியர்களை மேல் 20 சதவீதம், நடு 70, கீழ் 10 என்று பிரித்த முறையின் பேரப்பிள்ளைகள் இவை. மைக்ரோசாஃப்ட் தன் வரிசைப்படுத்தும் முறையை 2013-இல் கைவிட்டது. ஆனால் ஒதுக்கீடு என்று ஒன்று இருக்கும்வரை வரிசை வேறு பெயரில் திரும்பி வந்துவிடும். நிறுவனம் கொழித்தால் நமக்கும் கொடுப்பார்கள் என்ற நம்பிக்கையும் வேண்டாம். அதே மைக்ரோசாஃப்ட் 2023-இல் முழுநேர ஊழியர்களுக்கு அந்த ஆண்டு ஊதிய உயர்வு இல்லை என்று அறிவித்தது. அந்த நிதியாண்டில் அதன் நிகர லாபம் 7,200 கோடி டாலருக்கு மேல்.

நான் வேலை பார்த்த இடங்களில் மதிப்பீடு பிப்ரவரியில் பூட்டப்பட்டுவிடும். ஜூன் மாதக் கடிதம் அதன் நகல்தான். எனவே ஜூனில் கத்துவதில் பயனில்லை. பேச வேண்டிய மாதம் அக்டோபர். ஜூனில் செய்யத்தக்கது ஒன்றுதான்: மேலாளரிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்கி, மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்வது. என் நிலைக்கான ஊதிய வரம்பில் நான் அடியில் இருக்கிறேனா, நடுவிலா, உச்சியிலா? அடுத்த நிலைக்கு என்னிடம் குறைவது எது? அதை எந்த மாதத்துக்குள் காட்ட வேண்டும்? வரம்பின் உச்சியில் இருப்பவருக்கு எவ்வளவு உழைத்தாலும் சதவீதம் ஏறாது. பதவி உயர்வு ஒன்றுதான் வழி. இதை யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள். பேசி முடித்ததும் அவர் சொன்னதை நான்கு வரி மின்னஞ்சலாக அவருக்கே அனுப்பிவையுங்கள். அக்டோபரில் அது தேவைப்படும்.

கடலூர்ப் பையன் டீக்கடையில், “ராத்திரி பகலாக உழைத்தேன் அக்கா” என்றான். “எந்த ராத்திரி, என்ன வேலை?” என்று கேட்டேன். அவனுக்கு இரண்டு நினைவுக்கு வந்தன. எனக்கு ஒன்றுகூட வரவில்லை. பதினொரு பேரின் பன்னிரண்டு மாதங்களை எந்த மேலாளரும் தலையில் சுமப்பதில்லை. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஒரு நாற்பது பக்க நோட்டில் மூன்று வரி எழுதச் சொன்னேன். ‘நன்றாக ஒத்துழைத்தேன்’ என்பதெல்லாம் வேண்டாம். ‘மாதாந்திர அறிக்கை ஆறு மணி நேரம் எடுத்தது, இப்போது நாற்பது நிமிடம்’ என்று எழுத வேண்டும். அந்த வரியை நான் அப்படியே என் மேலதிகாரியிடம் படித்துக் காட்ட முடியும். வாடிக்கையாளர் பாராட்டி எழுதிய மின்னஞ்சல்களை அலுவலக மின்னஞ்சல் பெட்டியிலேயே தனிக் கோப்புறையில் சேர்த்துவையுங்கள். சொந்த முகவரிக்கு அனுப்பிக்கொள்ளாதீர்கள். அதற்காகவே வேலை போனவர்கள் இருக்கிறார்கள்.

வெளியே தேடுவதென்றால் ஆத்திரத்தில் தேடாமல் நிதானமாகத் தேடுங்கள். புதிய இடம் தரும் 35 சதவீத உயர்வையும் அதே பஜ்ஜித் தாள் கணக்கில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் வேரியபிள் கொழுத்திருக்கும். சேரும்போது தரும் ஊக்கத்தொகையை ஓராண்டுக்குள் விலகினால் திருப்பிக் கேட்பார்கள். மூன்று மாத நோட்டீஸ் காலத்தை மறக்காதீர்கள். பணிக்கொடைக்கு ஐந்து ஆண்டு முடிந்திருக்கிறதா என்று தேதியைப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 42,000 என்றால் ஐந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 1,21,000 ரூபாய் வரும்; சில மாதப் பொறுமைக்கு அது மோசமில்லை. கையில் இல்லாத வேலையை இருப்பதாகச் சொல்லி மிரட்டாதீர்கள். “சரி, போய் வாருங்கள்” என்று சொல்லிவிட்டால் சிரித்துச் சமாளிக்க முடியாது.

அந்த நோட்டோடு பையன் அக்டோபரில் வந்தான். பதினாறு வெள்ளிக்கிழமைகள். அதை வைத்துக்கொண்டு இரண்டு கூட்டங்களில் அவனுக்காக வாதாடினேன். அவன் கேட்டது ஒரு லட்சம்; என்னால் வாங்க முடிந்தது வெறும் வாய்மொழி உறுதி. ஜனவரியில் அவன் பெங்களூரு நிறுவனம் ஒன்றின் கடிதத்தைக் காட்டினான். நோட்டில் இருந்த அதே வரிகளைத்தான் அங்கே நேர்காணலிலும் சொன்னானாம். நான் தடுக்கவில்லை.

அவன் இடத்துக்கு ஆள் எடுத்தோம். வந்தவருக்கு அவனைவிட அனுபவம் ஓராண்டு குறைவு. சம்பளம் இரண்டரை லட்சம் அதிகம். ஒரு லட்சம் கேட்டபோது இல்லை என்ற பணம் இப்போது எங்கிருந்து வந்தது என்று நிதிப் பிரிவில் கேட்டேன். “அது ஊதிய உயர்வுக் கணக்கு மேடம், இது ஆள் எடுக்கும் கணக்கு. இரண்டும் வேறு” என்றார்கள்.