நெடுந்தீவில் நாலு நாள் தங்கப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து வருகிற எங்கள் ஆட்கள் பலர் யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கிற நெடுந்தீவை ஒரு பகல் பயணமாகவே வைத்துக்கொள்கிறார்கள். காலைப் படகில் போவது, குதிரையையும் பெருக்கு (பாவோபாப்) மரத்தையும் கோட்டையையும் பார்ப்பது, பின்னேரம் யாழ்ப்பாணம் திரும்புவது. ஊர் பார்க்க வந்தவருக்கு அது சரி. அம்மாவின் வீடோ அப்பாவின் காணியோ அங்கே இருக்கிறவருக்கு அது போதாது. சொந்தக்காரர் வீட்டில் தேத்தண்ணி குடித்து முடியுமுன்னே படகுக்கு நேரமாகிவிடும். குறைந்தது மூன்று இரவு தங்குங்கள் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்வேன். அப்படித் தங்குவதென்றால் தெரிந்து வைத்திருக்க வேண்டிய சில விஷயங்கள் உண்டு.

முதலில் படகு. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து குறிகட்டுவானுக்கு 776ஆம் இலக்க பஸ் போகிறது. பண்ணைப் பாலம், வேலணை, வாணர் பாலம், புங்குடுதீவு என்று கடலை ஒட்டியே ஓடி, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இறங்குதுறையில் விடும். அதே துறையிலிருந்துதான் நயினாதீவுப் படகும் புறப்படுகிறது. அது கால் மணி நேரப் பயணம், நெடுந்தீவுக்கோ ஒரு மணி நேரம் வேண்டும். புதிதாக வருகிறவர்கள் கூட்டத்தோடு கூட்டமாக நயினாதீவுப் படகில் ஏறிவிடுவதுண்டு. ஏறுமுன் வாய்விட்டுக் கேளுங்கள்.

குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை என்ற பெயர்களைக் கேள்விப்படுவீர்கள். இவற்றோடு தனியார் படகுகளும் உண்டு. எந்த நாள் எது ஓடும் என்பது பழுது, எரிபொருள், காற்று எல்லாவற்றையும் பொறுத்தது. ஆகவே இணையத்தில் கிடைக்கிற நேர அட்டவணையை நம்பிப் புறப்படாதீர்கள். முதல் நாள் இரவு தீவில் இருக்கிற உறவினருக்குப் போன் எடுத்துக் கேட்பதுதான் ஒரே வழி. ஒன்று மட்டும் மாறாது. தீவு ஆட்கள் காலையில் யாழ்ப்பாணம் போய், வேலையை முடித்து, பின்னேரம் வீடு திரும்புவதற்காகத்தான் படகு நேரம் அமைந்திருக்கிறது. வைத்தியசாலை கிளினிக்குக்குப் போகிறவர், வங்கிக்குப் போகிறவர், மறுகரையிலிருந்து படிப்பிக்க வருகிற ஆசிரியர் என்று எல்லோரும் அந்த இருக்கைகளை நம்பித்தான் இருக்கிறார்கள். பத்துப் பேராக, பெட்டிகளோடு வருகிறீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லித் தனிப் படகு பிடியுங்கள். ஊர்ப்படகில் ஏறினால் நோயாளிக்கும் வயதானவர்களுக்கும் எழுந்து இடம் விடுங்கள்.

உயிர்காப்பு அங்கி தந்தால் போட்டுக்கொள்ளுங்கள், வெக்கையாக இருந்தாலும். கடவுச்சீட்டையும் அதன் பிரதி ஒன்றையும் பொலித்தீன் பையில் கட்டிக் கைப்பையில் வையுங்கள். பின்பக்கத்தில் இருப்பவர்கள் நனையாமல் இறங்குவது அபூர்வம்.

குமுதினியைப் பற்றி ஒரு வார்த்தை. 1985 மே 15ஆம் திகதி அந்தப் படகை நடுக்கடலில் மறித்து, குழந்தைகள் உட்படப் பயணிகள் பலரை வெட்டிக் கொன்றார்கள். அந்தப் படகையே திருத்தி மறுபடியும் ஓட விட்டார்கள். ஒவ்வொரு மே 15இலும் நினைவேந்தல் நடக்கிறது. அந்த நாளில் நீங்கள் தீவில் இருக்க நேர்ந்தால் போய் நில்லுங்கள். உங்கள் உறவுப் பெயர் ஒன்றும் அங்கே வாசிக்கப்படலாம்.

காற்றைக் கேட்காமல் நாள் குறிக்காதீர்கள். மே தொடங்கி செப்டெம்பர் வரை சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றும் மழையும். வெளிநாட்டுப் பள்ளிக்கூட விடுமுறை பெரும்பாலும் சோளகத்துக்குள்தான் விழுகிறது, அதனால் வேறு வழியில்லாமல் அந்தக் காலத்தில்தான் பலர் வருகிறார்கள். வாருங்கள், ஆனால் திரும்பும் விமானத்துக்கும் தீவை விட்டு வெளிக்கிடும் நாளுக்கும் இடையில் மூன்று நாளாவது விட்டுவையுங்கள். ஆனி, ஆடியில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழா வரும்போது குறிகட்டுவான் நிரம்பி வழியும். கச்சதீவு அந்தோனியார் பெருநாள் மாசி, பங்குனியில் வரும். அந்த நாட்களிலும் படகுக்கு நெருக்கடி.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். ஒருமுறை அப்பாவையும் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் தங்குகிற எண்ணத்தோடு போனோம். அவருடைய பிரஷர் குளிசை இருந்த பெட்டியை யாழ்ப்பாணத்திலேயே விட்டுவிட்டேன், இரண்டு நாளுக்கானதை மட்டும் எண்ணி எடுத்திருந்தேன். மூன்றாம் நாள் காலை துறைக்குப் போனபோது படகோட்டி ஒருவர் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். "தம்பி, காத்தைப் பாரும். இண்டைக்கு ஒண்டும் போகாது, நாளைக்கும் சொல்லேலாது" என்றார். தெற்குப் பக்கம் கடல் வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தது. அப்பாவைத் தீவு வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனோம். பிரஷர் பார்த்து, குளிசையின் பெயர் கேட்டார்கள். எனக்கு அது தெரியவில்லை, "வெள்ளைக் குளிசை" என்றுதான் சொல்ல முடிந்தது. வாழ்நாள் முழுக்க அவர் என் பெயரை மறக்காதவர், அவருடைய குளிசையின் பெயரை நான் கேட்டே வைத்திருக்கவில்லை. ஒருவழியாக வீட்டுக்குப் போன் எடுத்து, உறையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி, அதைக் காட்டி மருந்து வாங்கினோம்.

ஆகவே மருந்து விஷயத்தில் கவனமாக இருங்கள். தங்கப் போகும் நாட்களுக்கு மேல் ஒரு கிழமைக்கான மருந்தைக் கையிலேயே வையுங்கள். கம்பனிப் பெயர் இங்கே யாருக்கும் தெரிந்திருக்காது, மருந்தின் மூலப்பெயரையும் அளவையும் ஒரு கடதாசியில் எழுதி வையுங்கள். தீவில் இருப்பது பிரதேச வைத்தியசாலை. வெளிநோயாளர் சிகிச்சை இலவசம். காய்ச்சல், காயம், வயிற்றுப் பிரச்சினை இவற்றுக்கெல்லாம் அங்கேயே பார்த்துவிடலாம். சத்திரசிகிச்சை, ஸ்கான், இருதய வருத்தம் என்றால் கடல் கடக்க வேண்டும். ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலை ஒன்று, யாழ் போதனா வைத்தியசாலை மற்றது. அவசரமென்றால் கடற்படைப் படகில் நோயாளியைக் கொண்டுபோவார்கள். அந்த ஏற்பாட்டை வைத்தியசாலைதான் செய்யும், நீங்களாகப் படகு தேடி ஓடி நேரத்தைப் போக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வருகிற இலவச அம்புலன்ஸ் குறிகட்டுவான் கரையிலிருந்து உதவும். கர்ப்பிணித் தாய்மார் பிரசவ நாள் நெருங்குமுன்னே யாழ்ப்பாணம் போய்த் தங்கிவிடுவார்கள். ஏழெட்டு மாதக் கர்ப்பிணியோ, அண்மையில் இருதய சிகிச்சை செய்தவரோ உங்களோடு வருவதானால் நானாக இருந்தால் கூட்டிப்போக மாட்டேன். பயணக் காப்புறுதி எடுக்கும்போது கடல் வழியாக நோயாளியைக் கொண்டுபோகும் செலவும் அதில் அடங்குமா என்று கேளுங்கள்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடுவதோ வெட்டுவதோ வேண்டாம். கடித்த காலை அசைக்காமல் நேரே வைத்தியசாலை. இரவில் கல்வேலி ஓரமாக டோர்ச் இல்லாமல் நடக்காதீர்கள்.

அடுத்தது தண்ணீர். நெடுந்தீவு ஏறக்குறைய 50 சதுர கிலோமீட்டர், முழுவதும் சுண்ணாம்புக் கல், அதற்கு மேலே மெல்லிய மண். மழைத்தண்ணீர் கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கிற உப்புத்தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறிவிடும். பல வீட்டுக் கிணறுகளில் இருப்பது சவர்த்தண்ணீர். அதில் சவர்க்காரம் நுரைக்காது, தலைமயிர் கயிறு மாதிரி ஆகிவிடும். தெற்கே சாராப்பிட்டிப் பக்கத்துக் கிணறுகளின் நல்ல தண்ணீர் அந்தக் காலத்திலிருந்தே பேர் போனது. இப்போது கடல் நீரைச் சுத்திகரித்தும் குடிதண்ணீர் கொடுக்கிறார்கள். ஆனாலும் எங்கள் சித்தி வீட்டில் நல்ல தண்ணீர் நிற்கிற குடத்துக்கு மூடி போட்டு, மூடிக்கு மேலே செம்பைக் கவிழ்த்து வைத்திருப்பார். அந்தச் செம்பை வேறு எதற்கும் எடுக்க விடமாட்டார். குளிக்கிறதென்றால் சவர்த்தண்ணீரில் குளித்துவிட்டு, கடைசியாக ஒரு வாளி நல்ல தண்ணீரைத் தலையில் ஊற்றுவதுதான் முறை. பிள்ளைகளுக்கு இதை வரும் வழியிலேயே சொல்லிக்கொடுங்கள். "தண்ணியைப் பார்த்துச் செலவழியுங்கோ" என்று விருந்தாளிகளிடம் வீட்டார் வாய்திறந்து சொல்லமாட்டார்கள். நீங்கள் போன பிறகு இரண்டு நாள் அவர்கள் குறைத்துக் குடிப்பார்கள்.

மின்சாரமும் அப்படித்தான். பெருநிலத்திலிருந்து கம்பி வரவில்லை. தீவிலேயே டீசலில் மின்பிறப்பாக்கியை ஓட்டிக் கொடுக்கிறார்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளி, காற்று, பற்றறி எல்லாம் சேர்ந்த மின்திட்டத்துக்கு 2022இல் இந்தியாவோடு உடன்பாடு கையெழுத்தானது. எப்படியிருந்தாலும் பவர்பாங்க் ஒன்றும் டோர்ச் ஒன்றும் கொண்டுபோங்கள். தலைமயிர் உலர்த்தி, மின்கேத்தில் போன்றவற்றைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள்.

காசு யாழ்ப்பாணத்திலேயே மாற்றி, சில்லறைத் தாள்களாக எடுத்துப்போங்கள். அட்டையை நம்ப வேண்டாம். சிம் அட்டையையும் கடவுச்சீட்டைக் காட்டி யாழ்ப்பாணத்திலேயே எடுங்கள், உங்கள் உறவினர் பாவிக்கிற நெட்வேர்க்காகப் பார்த்து.

தீவுக்குள் ஓட்டோவும் வாடகை வாகனமும் துறையிலேயே நிற்கும். ஏறுமுன் கட்டணத்தைக் கதைத்துக்கொள்ளுங்கள், ஆனால் யாழ்ப்பாண விலையோடு ஒப்பிட்டுச் சண்டை பிடிக்காதீர்கள். அந்தப் பெற்றோல் கடல் தாண்டி வந்தது, வாகனமும் படகில் ஏறி வந்தது. சீமெந்து, காஸ் சிலிண்டர், மரக்கறி எல்லாவற்றிலும் படகுக்கூலியும் ஏற்றி இறக்கும் கூலியும் சேர்ந்துதான் விலை. இதனால்தான் சொல்கிறேன், உறவினருக்குச் சொக்லேட் பெட்டிகளோடு மட்டும் போகாதீர்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கரட், போஞ்சி, உருளைக்கிழங்கு, வாழைப்பழக் குலை ஒன்று வாங்கிச் சாக்கில் கட்டிக்கொண்டு போங்கள். அந்தச் சாக்கு படியேறுகிறபோது மாமியின் முகத்தைப் பாருங்கள்.

கந்தோர் (அரச அலுவலக) வேலைகளுக்காகவும் பலர் வருகிறார்கள். நெடுந்தீவு தனிப் பிரதேச செயலகப் பிரிவு, ஆறு கிராம அலுவலர் பிரிவுகள். எதற்கும் முதலில் விதானையாரை, அதாவது கிராம அலுவலரைப் பாருங்கள். வதிவிடம், உறவுமுறை, காணி பற்றிய கடிதம் அவரிடம்தான் தொடங்கும். பிறகு பிரதேச செயலகம். அலுவலர்களில் சிலர் மறுகரையிலிருந்து படகில் வருகிறவர்கள், அதனால் காலையில் படகு வந்து சேர்ந்த பிறகு போனால் காரியம் நடக்கும். பின்னேரம் போனால் அவர்கள் திரும்பும் படகுக்கு வெளிக்கிட்டிருப்பார்கள். நீதிமன்ற அலுவலுக்கு ஊர்காவற்றுறை, காணிப் பதிவுக்கு யாழ்ப்பாணம்.

காணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மனம் கசந்து திரும்புகிறவர்கள் இதில்தான் கசக்கிறார்கள். எல்லை என்பது அங்கே கல்வேலி, சாந்து இல்லாமல் கடற்கல்லை அடுக்கி வைத்தது. முப்பது வருஷத்தில் கல் சரிந்திருக்கும், பக்கத்து வளவின் வேலி கொஞ்சம் தள்ளியும் வந்திருக்கும். காணி உறுதியை (பத்திரத்தை) எடுத்துக்கொண்டு போய் முதல் நாளே வாக்குவாதப்படாதீர்கள். இலங்கைச் சட்டப்படி உரிமையாளரை ஏற்றுக்கொள்ளாமல் 10 வருஷம் தடையின்றி ஆண்டவர் காணிக்கு உரிமை கோர இடமுண்டு. அதனால் முதலில் சட்டத்தரணி ஒருவரிடம் உறுதியைக் காட்டி, பதிவகத்தில் ஏட்டைப் பாருங்கள். இலங்கைக் குடியுரிமையை விட்டவர்கள் புதிதாகக் காணி வாங்குவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது, பரம்பரையாக வருகிற முதுசத்துக்கு அந்தத் தடை இல்லை. உங்களுக்குப் பதிலாகக் காரியம் பார்க்க இங்கே ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுப்பதானால் நீங்கள் வாழும் நாட்டில் இருக்கிற இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்திக் கொண்டுவாருங்கள். அப்புறம், இத்தனை வருஷமும் அந்த வளவின் பனையைப் பார்த்து, கிணற்றைத் தூர்வாரி வைத்திருந்தவர் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தான் என்பதையும் மறக்காதீர்கள்.

பார்க்கிற இடங்களை உறவுக்காரப் பிள்ளைகளே காட்டுவார்கள். குதிரைகள் இருக்கிற பகுதி 2015இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கோடையில் அவை தண்ணீருக்கு அலையும். பிஸ்கற் கொடுத்துக் கிட்டக் கூப்பிடாதீர்கள், துரத்திப் படம் எடுக்கவும் வேண்டாம்.

திரும்பும் நாளை வீட்டாருக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். நீங்கள் வெளிக்கிடுகிற செய்தி இரவுக்குள் ஒழுங்கை முழுக்கப் போய்விடும். விடியற்காலையில் பக்கத்து வீட்டு அக்கா மருந்துத் துண்டும் காசும் கையில் பிடித்துக்கொண்டு படலையில் நிற்பார். "தம்பி, பெரியாஸ்பத்திரிக்கு முன்னால இருக்கிற பாமசியில இதை எடுத்து, பின்னேரப் படகுக்கு வாற ஆரிட்டையாவது குடுத்துவிடுவீரோ?" வாங்கிக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணம் இறங்கியவுடன் அந்த வேலையை முதலில் முடித்துவிட்டு, பஸ் நிலையத்தில் குறிகட்டுவான் பஸ் நிற்கிற இடத்துக்குப் போய் "நெடுந்தீவுக்கு ஆர் போறியள்?" என்று கேளுங்கள். ஒரு கை நீளும். பொதியில் அக்காவின் பெயரையும் வட்டாரத்தையும் மட்டும் எழுதினால் போதும், போய்ச் சேர்ந்துவிடும்.