சிக்னலில் தானாக நிற்கும் என்ஜின்: கார் ஓட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார் நின்றதும் என்ஜினைத் தானாக அணைத்து, கிளட்சை மிதித்ததும் மீண்டும் ஓடச் செய்யும் வசதி இப்போது சிறிய கார்களிலும் வருகிறது. தருமபுரி நான்கு ரோட்டிலோ ஓசூர் பேருந்து நிலையத்தின் முன்போ அரை நிமிடம் காத்திருக்கும்போது இதனால் பெட்ரோல் மிச்சமாவது உண்மைதான். டோல்கேட் வரிசையில் ஐந்து விநாடிக்கு ஒருமுறை நகரும்போது பலன் இல்லை. அங்கே இந்த வசதிக்கான பட்டனை அழுத்தி அதை நிறுத்திவைப்பதே சரி.

தவறுகளில் ஆபத்தானது, தானாக நின்ற என்ஜினை முழுவதும் அணைந்ததாக எண்ணிக்கொள்வது. மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையோரக் கடைகளில் இதைக் காணலாம்: வண்டியை ஓரங்கட்டியதும் சத்தம் அடங்கிவிடுகிறது, சாவியைத் திருப்பாமலே இறங்கிப் போய்ப் பழத்துக்கு விலை பேசுகிறார்கள். டாஷ்போர்டில் வட்ட அம்புக்குறிக்குள் 'ஏ' எழுத்து ஒளிர்ந்தால் இக்னிஷன் இன்னும் ஆனில்தான் இருக்கிறது, விளக்கும் ஏ.சி. காற்றாடியும் பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கும். ஆட்டோமேட்டிக் கார்களில் கியர் 'டி'யில் இருக்கப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் என்ஜின் உயிர்பெற்று வண்டி நகர்ந்துவிடும் என்பதால், கியரைப் 'பி'க்கு மாற்றி, ஹேண்ட் பிரேக் போட்டு, இக்னிஷனை அணைத்த பிறகே இறங்க வேண்டும்.

கம்பெனியே என்ஜினை அணைக்கும்போது நாம் இறக்கத்தில் அணைத்தால் என்ன என்று வாதிடுவோரும் உண்டு. இந்த வசதி, வண்டி நின்ற பிறகோ நிற்கப் போகும் தறுவாயிலோதான் என்ஜினை அணைக்கும். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாயில் நியூட்ரல் போட்டுச் சாவியைத் திருப்புவது முற்றிலும் வேறு. என்ஜின் நின்றால், பிரேக்குக்கு வலுவூட்டும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிகளில் தீர்ந்து, பெடல் கல்லாக இறுகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும். அங்கே நடந்திருக்கும் விபத்துகளுக்குப் பிறகும் இதைச் சிக்கனம் என்று சொல்வோரை எனக்குப் புரிவதே இல்லை.

எதிர்த்திசையில் கணவாய் ஏறி வருவோருக்குச் சிக்கல் வேறு. என்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் டர்போ உள்ள கார்களில், நீண்ட ஏற்றத்தில் அது கடுமையாகச் சூடேறியிருக்கும். அந்த நிலையில் என்ஜின் சட்டென நிற்காமல் ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடி ஆறுவது நல்லது என்பதால், வண்டியை நிறுத்துவதற்கு முன்பே பட்டனை அழுத்திவிடலாம். மழை நீர் தேங்கிய சுரங்கப்பாதையில் நுழையும்போதும் அப்படியே.

பெரும்பாலான கார்களில் இந்தப் பட்டன் அந்த ஓட்டத்துக்கு மட்டுமே செல்லும். மறுமுறை ஸ்டார்ட் செய்தால் வசதி திரும்ப வந்துவிடும். இந்தத் தொல்லைக்குப் பயந்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையிலுள்ள சென்சார் வயரையோ பானெட் சுவிட்ச் வயரையோ பிடுங்கச் சிலர் சொல்கிறார்கள். முதலாவதைப் பிடுங்கினால், பேட்டரியின் நிலை தெரியாமல் சார்ஜ் ஏற்றும் முறையே தடுமாறும். இரண்டாவதால் பானெட் திறந்திருக்கிறதா என்பதே வண்டிக்குத் தெரியாது. வாரண்டியிலும் பேச்சு வரும். ஒரு நொடி பட்டனை அழுத்துவதற்குச் சோம்பி இவ்வளவையும் இழுத்துக்கொள்வது வீண் வேலை.

பேட்டரி மாற்றும்போதுதான் பலர் பணத்தை விடுகிறார்கள். இவ்வகைக் கார்களுக்கு அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்கும் இ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். பேட்டரி தேவை, விலை குறைவென்று சாதாரண பேட்டரியைப் பொருத்தினால் அது சீக்கிரம் படுத்துவிடும். பட்டனைத் தொடாமலே சில வாரங்களாக சிக்னலில் என்ஜின் நிற்கவில்லை என்றால், வசதி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டாமல் முதலில் பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள். சார்ஜ் குறைந்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் போய்விடக் கூடாது என்று வண்டியே என்ஜினை அணைக்காமல் விட்டுவிடும்.