பிரஷர் மாத்திரையை நிறுத்துவதற்கு முன்

அளவு 120/80க்கு இறங்கியதும் "பிரஷர் சரியாகிவிட்டது" என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரம் வரை தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். நான் பார்க்கிற தவறுகளில் பெரியது இதுதான்.

ரத்த அழுத்தமோ உப்போ குறைந்தால் சிறுநீரகம் ரெனின் என்ற நொதியைச் சுரக்கிறது. கல்லீரல் அனுப்பிய ஒரு புரதத்தை ரெனின் வெட்ட, ஆஞ்சியோடென்சின்-1 உண்டாகிறது. நுரையீரலின் ரத்தக் குழாய்களில் ஏசிஇ என்ற இன்னொரு நொதி அதன் நுனியில் இரண்டு அமினோ அமிலங்களை நறுக்குகிறது. மிஞ்சுவது எட்டே அமினோ அமிலங்கள் கொண்ட ஆஞ்சியோடென்சின்-2. குழாயை இறுக்குவதும், உப்பைச் சிறுநீரில் போகவிடாமல் பிடித்து வைப்பதும் இதன் வேலை. எனலாப்ரில் போன்ற மாத்திரைகள் ஏசிஇயின் கையைக் கட்டிப்போடுகின்றன, அவ்வளவுதான். மருந்து வடிந்ததும் நொதி மறுபடி நறுக்கத் தொடங்கும். அளவு நன்றாக இருக்கிறதென்றால் மாத்திரை வேலை செய்கிறது என்று பொருள்.

இதே ஏசிஇதான் பிராடிகினின் என்ற பொருளையும் சிதைக்கிறது. நொதி தடைபட்டால் அது தேங்கி, சிலருக்கு வறட்டு இருமல் வரும். மாதக்கணக்கில் இருமல் மருந்து குடிக்காமல் மருத்துவரிடம் சொன்னால், லோசார்டான் போன்ற வேறு மாத்திரைக்கு மாற்றிக் கொடுப்பார்.

பீடி சுற்றும் பெண்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. முக்கூடல், ஆலங்குளம் பக்கம் நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து, கழுத்துவலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். வலியை அடக்க அது தடுக்கும் நொதி, சிறுநீரகத்துக்கு ரத்தம் தாராளமாகப் போகவும் உதவுகிற நொதி. அது நின்றால் உப்பும் நீரும் தேங்கும், பிரஷர் ஏறும். பிரஷர் மாத்திரையோடு சேர்ந்தால் சிறுநீரகமே பழுதாகலாம். பிரஷர் இருப்பதைச் சொல்லாமல் வலி மாத்திரை வாங்கவே கூடாது.

கருவாட்டையும் மோர்மிளகாயையும் குறைப்பது நல்லது. ஆனால் "சோடியம் குறைந்த உப்பு" வாங்கும் முன் கேளுங்கள்: அதில் பொட்டாசியம் இருக்கிறது. எனலாப்ரில், லோசார்டான் எடுப்பவர் உடலில் அது மிகுந்தால் இதயத் துடிப்பு தடுமாறும்.

ஆண்கள் மறைக்கும் தவறு ஒன்று உண்டு. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை நைட்ரிக் ஆக்சைடாக மாறி, குழாயைத் தளர்த்தும் சமிக்ஞையைக் கிளப்புகிறது. அந்தச் சமிக்ஞையை அணைக்கும் நொதியை, ஆண்மைக் குறைவுக்கு எடுக்கும் சில்டெனாஃபில் (வயாக்ரா) தடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் அழுத்தம் உயிருக்கே ஆபத்தாக விழும். நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், சில்டெனாஃபில் எடுத்திருந்தால் கூச்சப்படாமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.