ஆபீஸ் கொலைக்கதையில் காதல்: எழுதுபவர்கள் தடுக்கி விழும் இடங்கள்

வேன் டைன் என்ற புனைபெயரில் எழுதிய அமெரிக்கர் ஒருவர் 1928-ல் துப்பறியும் கதைக்கு இருபது விதிகள் வகுத்தார். மூன்றாவது விதி, காதல் கூடாது என்பது. குற்றவாளியைக் கூண்டில் ஏற்றுவதுதான் வேலை, காதலர்களை மணமேடையில் ஏற்றுவது அல்ல என்று காரணமும் சொன்னார்.

நாம் அந்த விதியைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. மாத நாவல் படித்து வளர்ந்தவர்களுக்குக் கொலையும் காதலும் ஒரே அட்டைக்குள் இருந்தால்தான் கதை. எனக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் சென்னையில் ஐடி கம்பெனிகள் வரிசையாக நிற்கும் ஓஎம்ஆர் சாலையில் பல வருடம் அட்மின் பிரிவில் வேலை பார்த்தவள் என்பதால், ஐடி கம்பெனியில் கொலை நடப்பதாக எழுதும் நண்பர்கள் கைப்பிரதியை என்னிடம் தருகிறார்கள். அவற்றில் பெரும்பாலும் வேன் டைன் பயந்தது அப்படியே நடந்திருக்கிறது. மூன்று அத்தியாயம் கொலை, ஒரு அத்தியாயம் மெரினா, மறுபடி கொலை. மெரினா அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டாலும் கொலையாளி பிடிபட்டுவிடுவான். இதுதான் பெரிய தவறு. மற்றவற்றில் பாதி இதிலிருந்து கிளைத்தவை.

காதலைத் தனி அத்தியாயமாக ஒதுக்குவது

ஆபீஸில் காதலிப்பவர்கள் நாள் முழுக்கச் சின்னச் சின்னப் பொய் சொல்ல வேண்டியவர்கள். ஒரே பைக்கில் வந்தாலும் சோழிங்கநல்லூர் சிக்னலிலேயே ஒருவர் இறங்கிக்கொள்வார். கேஃபடீரியாவில் வேறு வேறு மேசை. ஆனால் இரண்டு டிபன் பாக்ஸிலும் ஒரே புளியோதரை. ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கு எல்லாம் தெரியும், அவரிடம் யாரும் கேட்பதில்லை. கொலை நடந்த அன்று விசாரணையைக் குழப்ப வேண்டியவை இந்தப் பொய்கள்தான்.

ஒரு சூழலைக் கற்பனை செய்து பார்ப்போம். வித்யாவும் கார்த்தியும் நாலாவது மாடியில் ஒரே டீம். அன்று அம்மாவை ஸ்கேனுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று வித்யா ஆறரைக்கே கிளம்பிவிட்டாள். வாரச் சராசரி ஒன்பது மணி நேரத்துக்குக் கீழே இறங்கினால் மேனேஜரிடமிருந்து மெயில் வரும். அதனால் ஆக்சஸ் கார்டைக் கார்த்தியிடம் கொடுத்துவிட்டு, யாரோ வெளியே போனபோது பின்னாலேயே நழுவிப் போனாள். கார்த்தி ஒன்பது பத்துக்குக் கிளம்பும்போது கண்ணாடிக் கதவில் முதலில் தன் கார்டைக் காட்டினான், அடுத்து அவள் கார்டை. மூன்று நொடி இடைவெளியில் இரண்டு பீப். மறுநாள் காலை அதே மாடியின் மீட்டிங் ரூமில் டெலிவரி மேனேஜர் இறந்துகிடக்கிறார். அவர் கடைசியாகப் போனில் பேசியது முந்தைய இரவு எட்டரைக்கு.

இன்ஸ்பெக்டர் இரண்டு தாள்களை அருகருகே வைக்கிறார். ஒன்று கதவின் ஸ்வைப் பதிவு: 21:10:04, 21:10:07. மற்றது கேமராவில் எடுத்த படம். மூலையில் 21:14 என்று இருக்கிறது. கேமரா கடிகாரம் நாலு நிமிடம் முன்னால் ஓடுகிறது என்று அட்மின் ஆள் சொன்ன பிறகே இரண்டும் பொருந்துகின்றன. படத்தில் இருப்பது ஒரே ஆள், தோளில் பை.

"ஏம்மா, ரெண்டு கார்டு வெளிய போயிருக்கு. ஆள் ஒருத்தர்தான் போயிருக்காரு. இன்னொருத்தர் எங்க?"

உண்மையைச் சொன்னால் வித்யா தப்பிவிடுவாள். ஆனால் அந்த நேரத்தில் அந்த மாடியில் தனியாக இருந்தவன் கார்த்தி என்று ஆகிவிடும். அடுத்தவர் கார்டைப் பயன்படுத்தியதற்காக இருவருக்கும் வேலை போகலாம். சொல்லாவிட்டால் சந்தேகம் அவள் தலையில். அன்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசிக்கும்போது அவளுக்கு இன்னொன்றும் உறைக்கிறது. 'கார்டைக் குடுத்துட்டுப் போ, நான் பாத்துக்கறேன்' என்று முதலில் சொன்னது யார்? அவளா, அவனா?

இந்த இடத்தில் கடற்கரைக்கு அவசியமே இல்லை. அவனை நம்பலாமா என்பது காதலின் கேள்வி, கொன்றவன் யார் என்பது வழக்கின் கேள்வி. இரண்டும் ஒன்றாகிவிட்டன, அதைச் செய்தது ஒரு ஆபீஸ் கதவு. எழுதி முடித்த பிரதியில் காதலை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். கொலைப் புதிர் சிக்கலாகாமல் நேராக ஓடினால், காதல் இன்னும் கதைக்குள் வரவில்லை.

ஆபீஸை வெறும் செட்டாக வைப்பது

நாயகன் ராத்திரி இரண்டு மணிக்குச் சர்வர் ரூமுக்குள் போய் ஃபைலைத் தேடி எடுத்துவருகிறான். யார் கார்டில் போனான்? சர்வர் ரூமுக்கு எல்லாருடைய கார்டும் திறக்காது, திறந்தால் பதிவாகும். கேமராவில் ஒன்றுமே இல்லை என்று ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். ஏன் இல்லை என்பதற்கு ஆபீஸுக்குள்ளேயே நல்ல காரணங்கள் கிடைக்கும். பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும், பல இடங்களில் ஒரு மாதம் போல்தான் தாங்கும். பான்ட்ரிக்குப் பக்கத்தில் பில்லர் மறைக்கும். தீபாவளிக்குக் கட்டிய அலங்காரத் துணியை யாரும் கழற்றியிருக்க மாட்டார்கள்.

ஊழியர்களை ஏற்றி இறக்கும் கம்பெனி கேப் விஷயத்திலும் இதே கதைதான். 2005 டிசம்பரில் பெங்களூரில் கால் சென்டர் ஊழியர் ஒருவர், இரவுப் பணிக்குப் போகும் வழியில், கேப் டிரைவர் என்று சொல்லி வந்தவனால் கொல்லப்பட்டார். அதன் பிறகு இரவுப் பயணத்தில் செக்யூரிட்டி துணைக்கு வருவதும், கடைசியாக இறங்குபவர் பெண்ணாக இருக்கக் கூடாது என்பதும் பல கம்பெனிகளில் கண்டிப்பானது. யார் எத்தனை மணிக்கு எங்கே இறங்கினார் என்பது ட்ரிப் ஷீட்டில் கையெழுத்தோடு இருக்கும். அந்த ஒரு தாளை வைத்தே அலிபி, அதாவது கொலை நேரத்தில் வேறு இடத்தில் இருந்ததற்கான சாட்சியம், கட்டலாம், உடைக்கலாம். நாயகி நள்ளிரவில் டிரைவரோடு தனியாக வீடு திரும்பும் காட்சியை எழுதினால், அன்று செக்யூரிட்டி ஏன் வரவில்லை என்பதை ஒரு துப்பாக மாற்றிவிடுங்கள்.

தொந்தரவைக் காதலாக எழுதுவது

இதைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கோபம் வரும். கோபக்கார பாஸ், கேபினுக்குக் கூப்பிட்டுத் திட்டுகிறான், கையைப் பிடித்து இழுக்கிறான், ராத்திரி பதினொன்றுக்கு 'தூங்கிட்டியா' என்று மெசேஜ் அனுப்புகிறான். அவள் முகம் சிவக்கிறது. பத்தாவது அத்தியாயத்தில் அவனே நாயகன். அவள் அப்ரைசலும் லீவும் ஆன்சைட் வாய்ப்பும் அவன் கையில் இருக்கும்போது, அவள் சிரித்தது விருப்பத்தினாலா பயத்தினாலா என்று வாசகிக்குத் தெரியாது. எழுதியவருக்கும் தெரியவில்லை என்பதுதான் பிரச்சினை.

மேலதிகாரியைக் காதலிப்பதே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த அதிகார வித்தியாசத்தைக் கதை பார்க்க வேண்டும். அவன் முதலில் டீம் மாற்றிக் கேட்கட்டும். அவள் 'வேண்டாம்' என்று சொன்ன மறுநாளும் அவளுடைய ரேட்டிங் அப்படியே இருக்கட்டும். அதைவிடப் பெரிய காதல் காட்சி ஆபீஸ் கதையில் எழுத முடியாது.

புகார் வந்தால் கம்பெனி என்ன செய்யும் என்பதையும் தெரிந்துகொண்டு எழுத வேண்டும். ஹெச்ஆர் மேனேஜர் இருவரையும் உட்காரவைத்துச் சமாதானம் பேசி அனுப்புவதாகவே பல பிரதிகளில் வருகிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ம் வருடச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். பணியில் மூத்த பெண் ஒருவர் தலைமை, உறுப்பினர்களில் பாதிப்பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும், 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். புகார் கொடுத்தவர் பெயரை வெளியே சொல்லக் கூடாது. இந்த ரகசியம் கொலைக்கதைக்குக் கிடைத்த பெரிய வசதி. செத்தவர் மீது ஒரு புகார் நிலுவையில் இருக்கிறது, யார் கொடுத்தது என்பது குழுவில் இருப்பவர்களுக்கு மட்டுமே தெரியும், அதில் ஒருவர் வாய் திறந்திருக்கிறார்.

புரமோஷனுக்காகக் கொல்வது

டீம் லீட் பதவிக்காக ஒருவரை ஒருவர் கொல்வதை என்னால் நம்ப முடியவில்லை. அந்தக் கோபத்தில் மனிதர்கள் பேப்பர் போட்டுவிட்டு அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவார்கள். கொலைக்குக் காரணம், போக வழியில்லாத இடத்தில் இருக்க வேண்டும். போலி அனுபவச் சான்றிதழ் காட்டிச் சேர்ந்து எட்டு வருடம் ஆகிவிட்டது, வீட்டுக்கடன் ஓடுகிறது, ஊரில் தங்கை கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. இப்போது பழைய ஆவணங்களை மறுபடி சரிபார்க்கப் போவதாக மெயில் வருகிறது. அல்லது கேப் காண்ட்ராக்டில் ஓடாத வண்டிக்கு மாதாமாதம் பில் போட்டிருக்கிறார்கள், அதில் கையெழுத்துப் போட்டவர் ஒருவர், காசு வாங்கியவர் வேறொருவர். இப்படிப்பட்ட பயம்தான் ஆளைக் கொல்லும் அளவுக்குக் கொண்டுபோகும்.

போலீஸையும் டாக்டரையும் மந்திரவாதி ஆக்குவது

கதை எந்த வருடம் நடக்கிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த கொலை என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 302. அதற்குப் பிறகு என்றால் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 103. மீட்டிங் ரூமில் ஒருவர் இறந்துகிடந்தால் உடனே கொலை வழக்கு என்று ஆகிவிடாது, பல சமயம் முதலில் சந்தேக மரணம் என்றுதான் பதிவாகும். அந்த இடைவெளியில்தான் கம்பெனி 'மாரடைப்பு' என்று மெயில் அனுப்பும், ஆதாரம் துடைக்கப்படும்.

ஸ்டேஷனில் கொலையாளி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதும் கதையை முடிக்கிறார்கள். போலீஸிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் நிற்காது. அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கிடைத்தால், அது கிடைக்கக் காரணமான அளவுக்கு மட்டும் செல்லும். விருப்பமில்லாதவருக்கு, அரை மயக்கத்தில் பேசவைக்கும் நார்கோ ஊசி போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. ஸ்வைப் பதிவையும் கேமரா காட்சியையும் கோர்ட்டில் வைக்கச் சான்றிதழ் வேண்டும், அதில் ஐடி பிரிவிலிருந்து யாரோ கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஆள் கார்த்தியின் ரூம்மேட்டாக இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

டாக்டர் 'சரியாக 8:42-க்கு உயிர் போயிருக்கிறது' என்று சொல்லவே மாட்டார். இறந்த பிறகு வரும் விறைப்பு தாடைப் பக்கம் தொடங்கி உடல் முழுக்கப் பரவ ஏறக்குறைய 12 மணி நேரம் ஆகும். ராத்திரி முழுக்க ஏசி ஓடிய அறையில் அந்தக் கணக்கு தள்ளிப்போகும். மயக்க மருந்துத் துணியை மூக்கில் வைத்த நொடியிலேயே ஆள் சாய்வதும் நடக்காது, அதற்குப் பல நிமிடங்கள் பிடிக்கும்.

செத்தவரை மறந்துவிடுவது

இரண்டாவது அத்தியாயத்திலேயே செத்தவர் வெறும் புதிராகிவிடுகிறார். ஆபீஸ் அப்படி மறக்க விடாது. அவர் போட்டுவைத்த வாராந்திர மீட்டிங் வியாழக்கிழமை மூன்று மணிக்கு எல்லார் லேப்டாப்பிலும் ஒலிக்கும். அதை எல்லாருக்குமாக ரத்து செய்ய அவருடைய லாகினோ சிஸ்டம் அட்மினோ வேண்டும். ரிலீஸ் தேதி தள்ளிப்போகாது, அவருடைய வேலையை நாலு பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். அவர் மனைவி செட்டில்மென்ட் பேப்பரில் கையெழுத்துப் போட வருவார். ரிசப்ஷனில் அவருக்கு விசிட்டர் பாஸ் கொடுப்பார்கள். 'யாரைப் பார்க்க வந்திருக்கிறீர்கள்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

கடைசி அத்தியாயத்துக் கல்யாணம்

உண்மையான கொலையாளி பிடிபட்டதும் நேராக முகூர்த்தத்துக்குப் போய்விடாதீர்கள். பத்து நாள் அவன்தான் கொன்றிருப்பானோ என்று நினைத்தவளும், அவள் அப்படி நினைத்தாள் என்று தெரிந்துகொண்டவனும் மறுபடி ஒரே மேசையில் டீ குடிக்க வேண்டும். கார்டு விஷயத்தில் இருவருக்கும் மெமோ வந்திருக்கும், ஒருவர் நோட்டீஸ் பீரியடில் இருக்கலாம். கடைசி நாள் மாலை கார்த்தி அட்மின் கவுண்டரில் ஆக்சஸ் கார்டை ஒப்படைக்கிறான். வரிசையில் அவனுக்குப் பின்னால் வித்யா. அவள் தன் கார்டைக் கொடுக்கத்தான் வந்திருக்கிறாளா, அவனைப் பார்க்க வந்திருக்கிறாளா என்பதை அவள் வாயாலேயே சொல்ல வையுங்கள்.