கச்சான் காத்தும் கிட்டாரும்: ரிப்பேர் எண்டு தொடங்கி பழுதாக்கிப் போடாதீங்கோ

கச்சான், அதான் தென்மேற்குப் பருவக்காத்து, தொடங்கினா காணும், கிட்டார் ரிப்பேர் செய்யிற எனக்கு கோல் மேல கோல். "அண்ணே, கிட்டார் நல்லாத்தான் இருந்தது, இப்ப கம்பி கரகரக்குது" எண்டுவாங்கள். மாரி தொடங்க அதே ஆக்கள் "கம்பி உயர்ந்து போச்சு, விரல் நோகுது" எண்டு வருவாங்கள். ரெண்டுக்கும் காரணம் மரம்தான். மலையைத் தாண்டி வாற கச்சான் எங்கட கிழக்குப் பக்கம் காய்ஞ்சு சூடா அடிக்கும், மரம் சுருங்கி மேல்பலகை கொஞ்சம் பதியும், கம்பியும் இறங்கும். விரல்பலகையும் சுருங்குது ஆனா அதில குறுக்கால பதிச்சிருக்கிற பிரெட் எண்ட உலோகக் கம்பி சுருங்காது, அதான் அதிண்ட நுனி கையைக் கிழிக்கிறது. மாரியில எல்லாம் மாறி நடக்கும்.

இது விளங்காம ஆக்கள் செய்யிற முதல் வேலை அலன் கீயைத் தூக்கிறதுதான். நெக்குக்குள்ள, அதான் கிட்டார் கழுத்துக்குள்ள, இருக்கிற ட்ரஸ் ரொட் எண்ட இரும்புக் கம்பி நெக்கிண்ட வளைவைச் சரிபண்ணத்தான், கம்பி உயரத்தைக் குறைக்க இல்ல. முதல்ல அளந்து பாருங்கோ. முதலாம் பிரெட்டில கேப்போ (கம்பி எல்லாத்தையும் அமத்திப் பிடிக்கிற கிளிப்) போட்டு, நெக் பொடியோட சேர்ற பிரெட்டில ஆறாம் கம்பியை அமத்திப் பிடிச்சா நடுவில கம்பிக்கும் பிரெட்டுக்கும் இடையில 0.25 மில்லிமீற்றர் அளவில இடைவெளி இருந்தா காணும். இடைவெளி அளக்கிற மெல்லிய தகடான பீலர் கேஜ் வாங்கத் தேவையில்ல, பைக் டெப்பெட் அடிக்கிற கராஜில கேட்டா ஒருக்கா தருவாங்கள். திருப்பிறதெண்டா கால் சுத்து, பிறகு ஒரு நாள் விட்டுப் பாருங்கோ. இறுகி நிக்கிற நட்டை பலத்தைப் போட்டுத் திருகி உடைச்சுக் கொண்டு வந்தா நானும் ஒண்டும் செய்யேலாது.

நெக் சரி, ஆனா கம்பி உயரம் எண்டா சாடிலை, அதான் பிரிட்ஜில கம்பி தாங்கி நிக்கிற சின்னத் துண்டை, தேய்க்கலாம். மேல்பக்கம் தேய்க்காதீங்கோ, கழட்டி அடிப்பக்கத்தை சமதரையில ஒட்டின சாண்ட் பேப்பரில தேயுங்கோ. 12ஆம் பிரெட்டில 1 மில்லிமீற்றர் இறங்க சாடிலில 2 மில்லிமீற்றர் போகவேணும். ஒரேயடியா தேய்ச்சா திருப்பி ஒட்டேலாது தானே.

இனி சூப்பர் குளூ. எனக்கு கோவம் வாற இடம் இதுதான். போன வருஷம் ஒரு பெடியன் கொண்டு வந்தான், மாமாட பழைய கிட்டாராம், மேல்பலகையில ஒட்டி கம்பியைப் பிடிச்சிருக்கிற பிரிட்ஜ் பின்பக்கத்தால கிளம்ப இடுக்குக்குள்ள ஒரு டியூப் முழுக்க ஊத்தியிருக்கிறான். ரெண்டு கிழமையில திரும்பக் கழண்டு, போகேக்க மேல்பலகையில இருந்து மரத்தையும் சீவிக்கொண்டு போயிருக்கு. 12 கேஜ் ஸ்டீல் கம்பி ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல இழுக்கும், சும்மா விளையாட்டில்ல. தச்சு வேலைக்கு வாங்கிற வெள்ளைப் பசையும் இந்த இழுவைக்கு மெல்ல மெல்ல வழுகும். பிரிட்ஜை சூடாக்கி மெல்லிய தகட்டால முழுசாக் கழட்டி, பழைய பசையை மரம் தெரியச் சுரண்டி, டைட்பாண்ட் ஒரிஜினல் மாதிரி மரப்பசை ஒண்டு பூசி கிளாம்ப் போட்டு 24 மணித்தியாலம் தொடாம விடவேணும். கிளாம்ப் இல்லையெண்டு மேல கல்லு வைக்கிற ஆக்களும் இருக்கினம், என்னத்தச் சொல்ல.

நைலோன் கம்பி கிட்டாருக்கு ஸ்டீல் கம்பி போட்டாலும் கடைசியில இதே கதைதான், அந்த மேல்பலகை அவ்வளவு இழுவைக்குச் செய்ததில்ல.

விரல்பலகைக்கு தேங்காய் எண்ணெய் வேண்டாம், கொஞ்ச நாளில பிசுக்குப் பிடிச்சு காறல் மணம் வரும். லெமன் ஓயில் ரெண்டு சொட்டு ரோஸ்வுட்டுக்கு காணும், வார்னிஷ் அடிச்ச மேப்பிளுக்கு அதுவும் வேண்டாம். எலக்ட்ரிக் கிட்டாரிண்ட வொலியூம் கரகரத்தா டபிள்யூடி-40 அடிக்காதீங்கோ, கொன்டாக்ட் கிளீனர் எண்டு கேட்டு வாங்குங்கோ. ஸ்டீல் வூலால பிரெட் மினுக்கிறதெண்டா பிக்அப்பை (கம்பிக்குக் கீழ சத்தத்தைப் பிடிக்கிற காந்தப் பகுதி) டேப்பால மூடுங்கோ, இல்லாட்டி காந்தத்தில தூள் ஒட்டி சாகும்வரைக்கும் போகாது.

கச்சான் காலத்தில துளை போட்ட சோப்புப் பெட்டிக்குள்ள நனைச்சுப் பிழிஞ்ச ஸ்பொஞ்சை வைச்சு கேஸுக்குள்ள விடுங்கோ, மாரியில ஈரம் உறிஞ்சிற சிலிக்கா பக்கெட். உள்ள ஈரப்பதம் 45க்கும் 55 வீதத்துக்கும் இடையில நிண்டா நல்லம். திருகோணமலை டச்பே கடற்கரையில இரவில பாடிட்டு வந்தா உப்பு கம்பியில அப்பிடியே இருக்கும், துணியால ஒவ்வொண்டா துடையுங்கோ. கம்பியை இறுக்கிற டியூனர் பல்லு வெளியில தெரியிறது எண்டா பல்லுக்குத்தும் குச்சியால தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு, மூடினது எண்டா திறக்கவே வேண்டாம்.