காணிக்கையை வீட்டிலேயே பிரித்து வைப்பது எப்படி

காணிக்கைப் பை பக்கத்தில் வந்தபிறகு சட்டைப்பையைத் துழாவி, கையில் அகப்பட்ட நோட்டைப் போடுவது நம் சபைகளில் பலருக்கும் பழக்கமாகிவிட்டது. பவுல் கொரிந்தியருக்குச் சொன்ன முறை வேறு. வாரத்தின் முதல்நாளில் அவனவன் தன் வரவுக்குத் தக்கதைச் சேர்த்து வைக்க வேண்டும் (1 கொரிந்தியர் 16:2). விசனமாயும் கட்டாயமாயும் இல்லாமல், தன் மனதில் நியமித்தபடியே கொடுக்க வேண்டும் (2 கொரிந்தியர் 9:7). நியமிப்பது முந்தி, கொடுப்பது பிந்தி. முன்கூட்டி நியமிக்காதவருக்குத்தான் கொடுக்கும் நேரத்தில் கை இழுக்கிறது.

முதலில் வரவைப் பாருங்கள். மாதச் சம்பளக்காரர் ஒரு தொகையை முடிவு செய்துகொள்ளலாம். குமரி மாவட்டத்தில் பலருக்கு வரவு அப்படிச் சீராக வருவதில்லை. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவருக்கு மழை பெய்தால் வெட்டு இல்லை. ரப்பர் இலை உதிர்ந்து தளிர்க்கும் சமயத்திலும் வேலை நிற்கும். மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். இப்படிப்பட்ட வீடுகளில் மாதம் இவ்வளவு ரூபாய் என்று வைத்தால் மூன்றாம் மாதமே பாக்கி விழும், பாக்கி விழுந்தால் கோவிலுக்குப் போகவே கூச்சம் வரும். அதனால் தொகையை விட்டுவிட்டுப் பங்கை முடிவு செய்யுங்கள். பத்தில் ஒன்று முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் இருபதில் ஒன்றில் தொடங்குங்கள். சபைகளுக்கு எழுதிய நிருபங்கள் எதிலும் இத்தனை சதவீதம் என்று விதிக்கவில்லை. அண்டிஆபீஸில், அதாவது முந்திரிப்பருப்பு ஆலையில், வாரம் 2,000 ரூபாய் வாங்குகிறவருக்கு இருபதில் ஒன்று 100 ரூபாய். வேலை இல்லாத வாரம் பங்கும் இல்லை, அதில் குற்றமும் இல்லை. ஒருவனுக்கு இல்லாததைக் கொண்டல்ல, உள்ளதைக் கொண்டே அவன் விருப்பம் ஏற்கப்படும் (2 கொரிந்தியர் 8:12).

வாழை, மரச்சீனி (மரவள்ளி) போட்டவர்கள் விற்ற பணம் முழுவதற்கும் கணக்குப் போட வேண்டாம். பாட்டம் (குத்தகைப் பணம்), உரம், கூலி கழித்து நிற்பதுதான் வரவு.

கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ காணிக்கை கொடுக்காதீர்கள். தாய் தகப்பனின் மருந்துச் செலவை நிறுத்திவிட்டுக் கொடுப்பதும் தவறு. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை ‘கொர்பான்’ (கடவுளுக்குக் காணிக்கை) என்று சொல்லித் தட்டிக் கழித்தவர்களை இயேசு கண்டித்தார் (மாற்கு 7:11). நூறு போட்டால் ஆயிரமாகத் திரும்பும் என்று யாராவது வாக்குக் கொடுத்துக் கேட்டால், அந்த இடத்தில் கொடுக்காமல் இருப்பதே சரி.

சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் வீட்டார் எல்லாரும் இருக்கும்போது பங்கை எடுத்து மூன்று கவர்களில் போடுங்கள்: சபைக்கு ஒன்று, கஷ்டப்படுகிறவர்களுக்கு ஒன்று, திடீரென்று வரும் தேவைக்கு ஒன்று. 100 ரூபாய் என்றால் 60, 30, 10 என்று பிரிக்கலாம். மூன்றாவது கவர் சின்னதாகத் தெரிந்தாலும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்று ஓடி வரும்போது உதவுவது அதுதான். பிள்ளைகள் கையில் காசைத் திணித்துப் பையில் போடச் சொல்வதால் அவர்களுக்கு ஒன்றும் பதியாது. அவர்களுக்குக் கிடைத்த காசில் எவ்வளவு என்று அவர்களே சொல்லட்டும்.

பணம் புழங்காத வீட்டுக்கும் ஒரு வழி உண்டு, பிடியரிசி. உலைக்கு அளந்த அரிசியில், களைவதற்கு முன், ஒரு பிடி எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போட வேண்டும். சாக்கிலிருந்து தனியாக அள்ளாமல், அளந்ததிலிருந்தே எடுங்கள். அப்போதுதான் அது நம் சாப்பாட்டில் ஒரு பங்கு. ஒரு பிடி சுமார் 50 கிராம். இரண்டு நேரம் பொங்குகிற வீட்டில் மாதம் 3 கிலோ சேரும், 50 வீடு சேர்ந்தால் 150 கிலோ. இது கெட்டுப்போவது பெரும்பாலும் பல வகை அரிசி கலந்துவிடுவதால். ரேஷன் புழுங்கலும் கடைச் சம்பாவும் பச்சரிசியும் ஒரே பாத்திரத்தில் விழுந்தால் ஒன்று குழையும்போது இன்னொன்று வேகாமல் நிற்கும். கோவிலிலிருந்து அதை வாங்கிப்போகிற வீட்டில் கோழிக்குத்தான் போடுவார்கள். ஒரே வகையை எடுங்கள், அல்லது வகைக்கு ஒரு பை வையுங்கள். ஈரக்கை பட்டால் கட்டி பிடித்துப் பூசணம் வரும். மழை மாதங்களில் வண்டு விழும். இரண்டு வற்றல் மிளகாய் போட்டு வைக்கலாம், ஆனாலும் மாதக் கடைசிவரை வைக்காமல் ஞாயிறுதோறும் கொண்டுபோய்க் கொடுப்பதே மேல். வண்டு விழுந்த அரிசியைக் கோவிலுக்கு என்று ஒதுக்காதீர்கள். ஊனமானதைப் பலிக்குக் கொண்டுவந்தவர்களிடம், இதை உன் அதிபதிக்குக் கொடுத்தால் அவன் பிரியப்படுவானா என்று மல்கியா தீர்க்கதரிசியின் புத்தகம் கேட்கும் கேள்வி (1:8) நமக்கும் உரியது.

அறுப்பின் பண்டிகைக்கு மட்டி வாழைக்குலையோ சேனையோ தேங்காயோ கொண்டுபோவதாக இருந்தால், வியாபாரி தோட்டத்துக்கு வருவதற்கு முன்பே அதை அடையாளம் வைத்துவிடுங்கள். அவர் கழித்துப்போட்டதில் தேடினால் முதற்பலன் ஆகாது. கொண்டுவந்ததைக் கோவிலில் ஏலம் விடும்போது உற்சாகம் நல்லதுதான். அத்தானும் மச்சினனும் ஒருவரை ஒருவர் விடாமல் கேட்டு ஒரு தேங்காய் ஆயிரக்கணக்கில் போவது சந்தோஷமான காட்சி. ஆனால் வீட்டைவிட்டு இறங்கும்போதே இந்தத் தொகைக்கு மேல் கேட்பதில்லை என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஏலப் பாக்கி வருஷக்கணக்கில் நோட்டில் கிடந்து, கடைசியில் வம்பாக முடிந்த இடங்கள் உண்டு.

இன்னது செலுத்துகிறேன் என்று வேண்டிக்கொள்ளும் நேர்ச்சையும் இப்படித்தான். நோய் வந்த பயத்தில் சக்திக்கு மீறி நேர்ந்துவிட்டுத் தவிக்கிறவர்கள் மறைக்காமல் பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ போய்ப் பேச வேண்டும். நேர்ந்து செலுத்தாமல் இருப்பதைவிட நேராமல் இருப்பது நல்லது என்கிறது பிரசங்கி 5:5.

கஷ்டப்படுகிற வீட்டுக்கு உதவும்போது ஆள் பார்க்கக் கொடுக்காதீர்கள். ஜூன் மாதம் ஃபீஸ் கட்ட முடியாத வீடு என்றால், அந்தத் தாயிடம் தனியே, ‘பிள்ளைக்கு நான் கட்டட்டுமா மக்களே?’ என்று கேட்டு, அவர் சம்மதித்தபின் கட்டி, ரசீதை அவரிடமே கொடுங்கள். போட்டோ வேண்டாம், வாட்ஸ்அப் குழுவில் போடவும் வேண்டாம்.

சபைக் கமிட்டியாரின் கையில் இருக்கிறது மீதி. கொடுத்தவர் பெயரையும் தொகையையும் ஆராதனையில் வாசிப்பதை நிறுத்துங்கள். குறைவாகக் கொடுத்த விதவையின் பெயரும் அந்தப் பட்டியலில்தான் வரும். கவரில் பெயருக்குப் பதில் எண் போதும். ஆராதனை முடிந்த அன்றே, ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பேராவது சேர்ந்து எண்ணி, இருவரும் கையெழுத்திட்டு, திங்கட்கிழமை வங்கியில் கட்டிவிட வேண்டும். பவுலும் எருசலேமுக்கான காணிக்கையைத் தனியே சுமக்காமல் மற்றவர்களையும் சேர்த்தே அனுப்பினார் (2 கொரிந்தியர் 8:20).

வெளிநாட்டுப் பணத்தில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. வளைகுடாவில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் அனுப்பினால் 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம் பொருந்தும். அதற்குச் சபைக்கு அந்தச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும், பணமும் புதுடெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கென்று திறந்த கணக்குக்குத்தான் வர வேண்டும். இரண்டும் இல்லாத சபை அந்தப் பணத்தை வாங்கக் கூடாது. அனுப்புவதற்கு முன் அவரிடமே குடியுரிமையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.